பின்பனிக்காலப் பறவை நோக்கலும் இலக்கியப் புள்ளடையாளமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியங்களில் பயிலும் பறவைப் பெயர்கள் பலவற்றிற்கு இன்றைய பறவையினங்களுள் நேரான அடையாளம் காண்பதில் கருத்து வேறுபாடுகள் நிலவுகின்றன. இலக்கியம் புள்ளினைக் குரல், மரம், பொழுது, வாழுமுறை ஆகியவற்றால் சுட்டுகிறது. இக்கால நிழற்படமோ உருவையும் நிறத்தையுமே முதன்மையாகப் பதிவு செய்கிறது. இவ்விடைவெளியைக் களநோக்கலால் நிரப்ப இயலும் என்பதையும், அதற்குப் பின்பனிக்காலம் ஏற்ற பொழுது என்பதையும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பின்பனி, புள், கருப்பொருள், வலசை, பறவை நோக்கல், கம்பம் பள்ளத்தாக்கு, நாட்டுப் பெயர்.

முன்னுரை

இலக்கியப் பறவைகளுக்கு அடையாளம் காணும் முயற்சி தமிழாய்வில் புதிதன்று. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இத்துறைக்கு அடித்தளமிட்டது. பேராசிரியர் க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நாட்டு வழக்குகளைத் திரட்டித் தந்தது. இவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஜெர்டன், 1862 முதல் 1864 வரையில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் குறித்துச் சென்றார். காட்டுயிர் ஒளிப்படக் கலையில் முன்னோடியாகிய மா. கிருஷ்ணன் (1912-1996) பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்.

இன்று நிலைமை வேறு. தொலைநோக்கியும் எண்ணிமக் கேமராவும் பலர் கைகளுக்கு வந்துவிட்டன. பறவை நோக்குவோர் நாள்தோறும் பதிவு செய்யும் படங்களும் பட்டியல்களும் குவிந்து வருகின்றன. ஆயினும் இச்சான்றுகள் இலக்கிய ஆய்வுக்குள் போதிய அளவில் வந்து சேரவில்லை. களத்தில் நிற்போர் பாட்டையும் உரையையும் பார்ப்பதில்லை. பாட்டும் உரையும் கற்போர் களத்திற்குச் செல்வது அரிது. இப்பிரிவால் நேரும் இழப்பு எத்தகையது, அதனை எவ்வாறு ஈடுசெய்வது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

1. பின்பனியும் புள்ளும்: இலக்கண அடிப்படை

பெரும்பொழுது ஆறனுள் பின்பனி, மாசி, பங்குனித் திங்கள்களுக்கு உரியது என்பது உரையாசிரியர் கொள்கை. தொல்காப்பிய அகத்திணையியல் பாலைக்கு வேனிலை உரிமையாக்கியபின், பின்பனியையும் அதற்கு உரித்தாக்குகிறது. பிரிவின் ஒழுக்கத்திற்கு இப்பொழுது ஏன் பொருந்துகிறது என்பதற்குக் களமும் ஒரு விளக்கம் தருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணின் ஈரம் வற்றி, அடிவாரக் காடுகளின் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலம் இது. காலையில் பனியும் நண்பகலில் வெம்மையும் ஒரே நாளில் அமைவதும் இப்பொழுதின் இயல்பு.

கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணா, மா, மரம் ஆகியவற்றை அடுத்துப் புள் இடம்பெறுகிறது. அதனைத் தொடரும் நூற்பாவின் கருத்து இங்கு இன்றியமையாதது. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் அந்நிலத்தோடும் பொழுதோடும் வாராது வேறிடத்து வந்தனவாயினும், வந்த நிலத்தின் பயத்தனவாகவே கொள்ளப்படும் என்பது அது. இது செய்யுளியல் நோக்கில் அமைந்த வழுவமைதியே, பறவையியல் விதியன்று. எனினும், பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் காலத்தையும் கடந்து வரக்கூடும் என்னும் பட்டறிவு இல்லாமல் இவ்வமைதி தோன்றியிருக்க இயலாது. வலசைப் பறவைகளையும் உள்ளூர்ப் பறவைகளையும் ஒருங்கே காணக்கூடிய பின்பனிக்காலம் இந்நூற்பாவின் பொருளைக் கண்கூடாக்குகிறது.

மரபியலும் இங்குத் துணைசெய்கிறது. சிறகுடையவற்றின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் பொருந்தும் என்று கூறும் நூலார், மயிலை அதனின்று விலக்குகிறார். ஆண், பெண் வேறுபாடு பல இனங்களில் இனப்பெருக்கப் பருவம் நெருங்கும்போதுதான் தெளிவுறும். பின்பனி அத்தகைய நெருங்கு காலம்.

2. பள்ளத்தாக்கின் நிலமும் ஒளியும்

மதுரை மாவட்டத்தினின்று 1996ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே குமுளி, போடிமெட்டுப் பக்கத்து ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் இதற்கு அரணாக உள்ளன. பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாற்று அணையின் நீர் இங்கு 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்கிறது. நெல்வயல், திராட்சைப் பந்தல், வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, கண்மாய், புன்செய், இலையுதிர் காடு, மலையுச்சிச் சோலை என நிலங்கள் ஒருநாட் பயணத்துள் அடங்குகின்றன. நெய்தல் நீங்கலாக ஏனைய திணைகளின் புட்களை ஒரே களப்பயணத்தில் ஒப்பிட்டுக் காண்பதற்கு இதனினும் வாய்ப்பான நிலம் அரிது. மேகமலைக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளன.

பின்பனிக்கால ஒளி இந்நிலத்தில் தனித்தன்மை உடையது. முகிலற்ற இரவில் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கீழிறங்கிப் பள்ளத்தாக்கின் தரையில் தேங்குகிறது. வயல்நீரின் ஈரம் அதனொடு சேர்ந்து மூடுபனியாகிறது. கதிரவன் மேகமலைக்குப் பின்னிருந்து எழுவதால் மேற்குச் சரிவுகள் முதலில் ஒளிபெற, சுருளி அருவியை ஒட்டிய கிழக்கு அடிவாரம் நெடுநேரம் நிழலில் இருக்கும். ஆகவே ஒரே வேளையில் மேற்கே பறவைகள் வெயில் காய்ந்து வெளிப்பட, கிழக்கே குரல் மட்டும் கேட்கும். வெயில் ஏறிப் பனி விலகியபின் வெப்பக்காற்று மேலெழும். அதனைப் பற்றிக்கொண்டு கழுகினங்கள் வட்டமிடத் தொடங்கும். நிழற்படம் எடுப்போர் பொதுவாக ஒளி வந்தபின் தொடங்கி, வெம்மையால் காட்சி கலங்குமுன் முடித்துக்கொள்வர். இலக்கியம் மிகுதியாகப் பேசும் வைகறையும் மாலையும் யாமமும் அவர்தம் பதிவிலிருந்து நழுவிவிடுகின்றன.

3. வடக்கு நோக்கும் பறவைகள்

குளிர்காலத்தில் தென்னாட்டுக்கு வரும் பறவைகள் திரும்பிச் செல்ல ஆயத்தமாகும் காலம் பின்பனி. சூறைக்குருவி, சோளக்குருவி என்றெல்லாம் வழங்கப்படும் பறவை நடு ஆசியாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வருவது. வந்த புதிதில் மங்கியிருக்கும் அதன் இறகுகள், பின்பனி முடிவில் இளஞ்சிவப்பும் கருமையுமாகப் பொலிவுறும். கண்மாய்களில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியன நீர் வற்றுதலுக்கு ஏற்ப இடம்பெயரும். புன்செய்களின் மேல் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகளும் இக்காலத்திற்குப்பின் மறையும்.

இவ்வியற்கையை மனத்தில் கொண்டு இரு பாடல்களை நோக்கலாம். புறநானூற்றில் பிசிராந்தையார், குமரித் துறையினின்று வடமலைக்குச் செல்லும் அன்னச்சேவலிடம் கோழியூர்ச் சோழனுக்குச் செய்தி சொல்லியனுப்புகிறார். சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடலில், குமரியாடி வடக்கே செல்லும் செங்கால் நாரை தூதாகிறது. இரண்டிலும் பறவை செல்லும் திசை வடக்கு. அதாவது, வலசையின் மீள்பயணம். புறப்பாட்டு பெரும்பொழுதைச் சுட்டவில்லை. தனிப்பாடலில் புலவர் குளிரால் நடுங்குகிறார். தென்னாட்டில் குளிர் நீங்காதிருக்கும்போதே வடக்கே திரும்பும் பறவை என்னும் செய்தி, பனிக்காலத்தின் பிற்பகுதிக்கே பெரிதும் பொருந்துகிறது. சிவந்த கால், சிவந்து நீண்ட அலகு, பருவத்தே வந்து மீளும் இயல்பு ஆகிய மூன்றும் ஒத்துவருவதால், இந்நாரையை இன்று செங்கால் நாரை என்றே வழங்கும் வலசைப் பறவையாகக் கொள்வதில் தடையில்லை.

அன்னத்தின் நிலை அத்துணை எளிதன்று. இமயத்தைக் கடந்து வந்து கூந்தன்குளம் முதலிய நீர்நிலைகளில் தங்கும் வரித்தலை வாத்தினை அன்னத்தோடு இயைத்துக் காண்பார் உளர். வடமலைக்கு மீளுதல் என்னும் ஒரு கூறு இதற்கு அரணாகும். ஆனால் அப்பாட்டின் அன்னம் அயிரைமீனை மேய்ந்தது. வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் தானியமும் மேய்வது. திசை பொருந்தியும் உணவு பொருந்தாத இவ்விடத்தில், அன்னம் என்பது ஓரினத்தின் பெயரன்று, நீர்ப்பறவைகள் சிலவற்றிற்கு வழங்கிய பொதுப்பெயர் என்று கொள்ளும் வாய்ப்பையும் எண்ணவேண்டும். நீர்நிலையில் பறவை எதை உண்கிறது என்று பொறுமையாக நோக்கி எழுதிய ஒரு குறிப்பு, இங்கு அழகிய நூறு படங்களைவிடப் பயனுடையது.

4. குரலால் அறியப்படும் புள்

திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் வைகறையில் ஒலிக்கும் ஆனைச்சாத்தன் என்னும் பறவையை வலியன், அதாவது கரிச்சான், என்பது மரபு. கரிச்சான் இனத்தில் பல வகைகள் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில் மேயும் கால்நடைகளின் முதுகிலும் வேலிக்கம்பிலும் அமர்வது இரட்டைவால் குருவி எனப்படும் கருங்கரிச்சான். தோப்புகளிலும் மரமடர்ந்த சரிவுகளிலும் குளிர்காலத்தில் மட்டும் காணப்படுவது சாம்பல் கரிச்சான். வறண்ட அடிவாரக் காட்டில் வெண்வயிற்றுக் கரிச்சானும், ஈரக்காட்டில் பிற பறவைகளின் குரலையும் ஒலித்துக்காட்டும் துடுப்புவால் கரிச்சானும் வாழ்கின்றன. இவற்றுள் எது ஆனைச்சாத்தன்? பாவையின் களம் ஆய்ப்பாடி. அடுத்த பாசுரத்தில் எருமைகள் மேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. கால்நடையை அடுத்து வாழ்ந்து, பொழுது புலருமுன்னரே குரலெழுப்புவது கருங்கரிச்சானே. உரைமரபு தந்த அடையாளத்தைக் களம் இவ்வாறு மேலும் வரையறுக்கிறது.

குயில் மற்றொரு சான்று. இலக்கியத்தில் குயிலோசை இளவேனிலின் அறிகுறி. இதனால் குயில் வேனிலில் வந்து சேரும் பறவை என்று கருதுவோர் இன்றும் உளர். உண்மையில் குயில் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. குளிர்காலத்தில் அதன் குரல் அடங்கியிருக்கும். காகம் கூடுகட்டும் பருவத்தை ஒட்டியே அதன் இனப்பெருக்கமும் நிகழ்வதால், பின்பனி இறுதியில் குரல் மெல்ல எழுந்து வேனிலில் ஓங்குகிறது. புலவர் குறித்தது குரலின் வருகையை. பறவையின் வருகையை அன்று. தை, மாசித் திங்கள்களில் தோப்பில் ஓசையின்றிக் கனியுண்ணும் குயிலைக் கண்டவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

அன்றில் பற்றிய வழக்கு இன்னும் நுட்பமானது. பனைமரத்தில் தங்குதல், இணைபிரியாமை, இரவில் இரங்கி ஒலித்தல், செந்தலை, இறாமீன் போல் வளைந்த அலகு ஆகியன இலக்கியம் தரும் குறிகள். வளைந்த அலகு அரிவாள்மூக்கன் இனத்தைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டில் காணப்படும் அரிவாள்மூக்கன் வகை மூன்றனுள், கழுத்தும் தலையும் கருத்த வெள்ளை வகைக்கும், பளபளக்கும் பழுப்பு வகைக்கும் செந்தலை இல்லை. உச்சியில் சிவந்த தோல் உடைய கருநிற வகைக்கே அது உண்டு. இதுவரை நிழற்படம் தெளிவான சான்றாகும். பனையில் தங்குகிறதா, இணையாகவே திரிகிறதா, இரவில் எவ்வாறு ஒலிக்கிறது என்பவற்றை ஒரு படத்தால் காட்ட இயலாது. அவற்றிற்கு ஒலிப்பதிவும் தொடர்ந்த நோக்கலும் வேண்டும்.

பாலைக்குரிய புட்களாகச் சொல்லப்படும் எருவை, கழுகு ஆகியவற்றின் நிலை வேறு. பிணந்தின்னும் பாறுகள் 1990களில் நாடெங்கும் பேரளவில் அழிந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்குளோபினாக் மருந்தே முதற் காரணம் என நிறுவப்பட்டு, அதன் கால்நடைப் பயன்பாடு 2006இல் தடைசெய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் பாறுகள் நிலைத்து வாழும் இடம் பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த காடுகளே. தேனிப் புன்செயின் பின்பனி வானில் எருவையைத் தேடும் ஆய்வாளர்க்குச் சொல் உண்டு, புள் இல்லை. புள் மறைந்தபின் சொல்லின் பொருளைச் சரிபார்க்கும் வழியும் அடைபடுகிறது. இலக்கியப் புள்ளடையாள ஆய்வில் காலத்தாழ்வு எதனை இழப்பிக்கும் என்பதற்கு இதுவே சான்று.

5. நாட்டுப் பெயர்களின் ஆய்வுமதிப்பு

இன்றைய பறவைப் பட்டியல்களில் உள்ள தமிழ்ப் பெயர்கள் இருவகையின. ஒருவகை, ‘ஈப்பிடிப்பான்’ என்பதுபோல் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தவை. மற்றது, மக்கள் கண்டறிந்து இட்டவை. ஆறுமணிக்குருவி என்னும் பெயரில், குளிர்காலத்தே வந்து காலையும் மாலையும் தவறாது ஒலிக்கும் பறவையின் பொழுதுணர்வு பதிந்துள்ளது. சூறைக்குருவி என்பதில் அது கூட்டமாக விளைச்சலில் இறங்கும் வேகம் தெரிகிறது. கொடிக்கால் வாலாட்டி என்பது இப்பள்ளத்தாக்கிற்குச் சிறப்பாகப் பொருந்தும் பெயர். ஏனைய வாலாட்டிகள் திறந்த நீர்க்கரைகளில் திரிந்து வாலை மேலும் கீழும் அசைக்க, இதுவோ நிழல் செறிந்த இடங்களில் இரைதேடி உடலையும் வாலையும் பக்கவாட்டில் அசைக்கும். சின்னமனூர்ப் பகுதிபோல் வெற்றிலை பயிராகும் இடங்களில் கொடிக்காலின் நிழல் இதற்கு ஏற்ற உறைவிடம். ஆங்கிலப் பெயர் இதனைக் காட்டுக்கு உரியதாக்க, தமிழ்ப் பெயர் மக்கள் தம் உழைப்பிடத்தில் கண்டதைச் சொல்கிறது.

பழமொழியும் இத்தகைய பதிவே. ‘இலவு காத்த கிளி’ என்னும் வழக்கு, காய் பழுக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளியைப் பேசுகிறது. போடி, வருசநாட்டுப் பகுதிகளில் இன்று இலவம்பஞ்சுக்காக வளர்க்கப்படுவது வெளிர்மலருடைய மரம். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவியதாகக் கருதப்படுவது. சங்கப் பாடல்களில் தீப்போல் மலர்வதாகச் சொல்லப்படும் இலவம் காட்டில் வளரும் செம்மலர் மரம். இலையற்ற பின்பனிக் கிளைகளில் அது பூக்கும்போது மைனா, கொண்டைக்குருவி, கரிச்சான் ஆகியவற்றோடு கிளிகளும் அதன் தேனையும் பூவையும் நாடி வருகின்றன. பூக்காலத்தில் கிளிக்கு ஏமாற்றமில்லை. பழமொழி சுட்டும் ஏமாற்றம் காய்க்காலத்திற்கு உரியது. இலவம் பற்றிய சங்கச் செய்தியையும் இப்பழமொழியையும் ஆள்வோர் மரம் எது, பருவம் எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

வருசநாடு, மேகமலைப் பகுதிகளின் பளியர், குரங்கணிப் பகுதியின் முதுவர், கொடிக்கால் உழவர், கண்மாய் மீன்பிடிப்போர் ஆகியோரிடம் வழங்கும் பெயர்கள் முறையாகத் திரட்டப்பட வேண்டும். அச்சிட்ட பட்டியல்களும் கைப்பேசிச் செயலிகளும் ஒரு பறவைக்கு ஒரு பெயரென நிலைநிறுத்தி வருவதால், மாற்றுப் பெயர்கள் விரைந்து வழக்கிழக்கின்றன.

6. சான்றின் எல்லையும் களநெறியும்

சான்று கையிலிருந்தும் பெயர் தவறுவது உண்டு என்பதற்கு மேகமலையே எடுத்துக்காட்டு. அங்குத் தோட்டப்பணியில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948இல் சேகரித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வேறொரு பொதுவினத்தின் பெயரால் இருந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, 1972இல் புதிய இனமென நிறுவி, பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். உடல் முழுவதும் கிடைத்த உயிருக்கே இருபத்து நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன எனின், ஒரு நொடியின் தோற்றத்தை மட்டும் காட்டும் படத்தைக் கொண்டு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல்லுக்குப் பொருள் முடிவு செய்வதில் எத்துணை நிதானம் வேண்டும் என்பது வெளிப்படை.

ஆகவே இலக்கிய ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமாயின், ஒவ்வொரு படத்தோடும் பொழுது, அமர்ந்த மரம், உண்ட இரை, எழுப்பிய குரல், பறந்த திசை, தனித்தோ இணையாகவோ இருந்தமை, உள்ளூரார் சொன்ன பெயர் ஆகியவை குறிக்கப்பெற வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவில் நான்கு நாள்கள் நிகழும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. அந்நாள்கள் மாசியின் தொடக்கத்தை ஒட்டி அமைவதால், தமிழ்த்துறை மாணவர் அதில் கலந்துகொள்வது பின்பனிக்காலத் தரவினை ஆண்டுதோறும் ஒப்பிட வழிசெய்யும்.

களநெறியும் இதில் அடங்கும். பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைத்துப் படமெடுத்தால், அக்குரல் இயல்பான பொழுதில் எழுந்ததா என்னும் சான்று கெடுகிறது; பறவையின் ஆற்றலும் வீணாகிறது. பின்பனி, பெரிய இருவாச்சி கூடமையும் காலம். பெண்பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை சிறு பிளவின் வழியே இரையூட்டும். அருகில் ஆள் நடமாட்டம் மிகுந்தால் இரையூட்டல் தடைபடும். இப்பருவத்தின் உலர்ந்த மலைப்புல் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறத்தல் கூடாது. 2018 மார்ச் 11 அன்று, மாசித் திங்களின் இறுதியில், குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கென விதிகள் வகுக்கப்பட்டன. வனத்துறையின் இசைவின்றிக் காட்டுக்குள் செல்லாமை ஆய்வாளர்க்கும் பொருந்தும் கட்டுப்பாடாகும்.

முடிவுரை

பின்பனிக்காலம், வலசைப் பறவைகளின் மீள்பயணத்தையும் உள்ளூர்ப் பறவைகளின் குரலெழுச்சியையும் ஒருங்கே காட்டும் பொழுது. செங்கால் நாரையின் அடையாளம் உருவாலும் பருவத்தாலும் உறுதிப்படுகிறது. அன்னத்தின் அடையாளம் உணவால் ஐயத்திற்குள்ளாகிறது. ஆனைச்சாத்தன் வாழிடத்தால் வரையறை பெறுகிறது. குயிலின் ‘வருகை’ குரலின் வருகையெனத் தெளிகிறது. அன்றிலுக்கு இரவுக்குரலின் ஒலிப்பதிவு இன்னும் தேவைப்படுகிறது. இவை யாவும் பாட்டு, உரை, களம் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கும்போது கிடைப்பவை. எருவையைப் போல் பிற பறவைகளும் நிலத்தினின்று நீங்குமுன், அவற்றின் நாட்டுப் பெயர்களை அறிந்தோர் வாழும்போதே இப்பணி தொடங்கப்பெற வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் புட்பெயர்களைத் திணை, பொழுது வாரியாகத் தொகுத்தல் அதற்குரிய முதற்படியாகும்.